தரங்கம்பாடிக் குலவை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. நாகஜோதி தன் மகள் முத்துமீனாவின் கல்யாணப் பத்திரிகையை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியபோதும் அப்படித்தான் வந்தது. கீழக்குயில்குடியில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நாலு எட்டு நடந்துவந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க அவளுக்குக் கால் வலித்துவிட்டதாக்கும்! நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. என் இடுப்பில் வளர்ந்த பிள்ளையின் கல்யாணம் அது. என் வீட்டுக்காரர் விருமாண்டி மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, “பாயாசம் நல்லாருந்துச்சு அன்னக்கொடி” என்றார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு நான் சோறு போடவில்லை.

அதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது முத்துமீனாவுக்கு ஏழாம் மாதம், வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. தெருவில் எல்லார் வீட்டுக்கும் வெற்றிலை பாக்கு வந்துவிட்டது, என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. கூப்பிடுவாளா மாட்டாளா என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. நானாகப் போய்க் கேட்பேனா? செத்தாலும் மாட்டேன்.

இதற்கு நடுவில்தான் எங்கள் மகளிர் குழு தரங்கம்பாடிக்கு வேன் பிடித்தது. ராமேஸ்வரம் கூட்டிப்போகிறேன் என்று விருமாண்டி சொல்லிச் சொல்லியே என் தலை நரைத்துவிட்டது, கடலை நான் கண்ணால் கண்டதில்லை. அதனால் முதல் ஆளாய்ப் பேர் கொடுத்தேன். நாகஜோதியும் கொடுத்திருந்தாள். அவள் முன் சீட்டு, நான் கடைசி சீட்டு. திருச்சி தாண்டும்வரை எல்லாரும் வளைகாப்புக்கு என்ன சேலை கட்டுவது என்றே பேசினார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கைடு பிள்ளை பேர் டயானா, எங்கள் ஊர்ப் பக்கத்து வில்லாபுரத்துக்காரி. கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு சுறுசுறுப்பாக இருந்தாள். தரங்கம்பாடியில் இறங்கியதுமே காற்றில் உப்பு வாடை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“அம்மா, இது டென்மார்க்காரங்க கட்டுன கோட்டை” என்றாள் டயானா.

“டென்மார்க்கு எங்கிட்டு இருக்கு தாயி?” என்று கேட்டேன்.

“ரொம்பத் தூரம்மா. கப்பல்ல வந்தாங்க.”

“வந்து?”

“மிளகு வாங்குனாங்க.”

“ஆத்தாடி! மிளகுக்கா இம்புட்டுத் தூரம்!” என்று நான் வாயில் கைவைக்க, எல்லாரும் சிரித்தார்கள். நாகஜோதியும் சிரித்தாள். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சண்டாளி.

கோட்டைக்குள் பழைய காசு, பீங்கான் என்று டயானா ஒவ்வொன்றாகக் காட்டினாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. எம்புட்டு நேரம் பொறுப்பது? யாருக்கும் தெரியாமல் நழுவி, படிக்கட்டைப் பிடித்து விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டேன்.

அடி ஆத்தி! கண் போகிற தூரம் மட்டும் தண்ணீர். எங்கள் கம்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் ஊரே போய்ப் பார்க்கும்; இதற்குக் கரையே இல்லை. அலை வந்து பாறையில் மோதிச் சிதறியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கத்துவதா அழுவதா என்று தெரியவில்லை. நாக்கு தானாகச் சுழன்றது, குலவை போட்டுவிட்டேன். கோட்டை அதிரப் போட்டேன்.

குலவை என்பது ஒருத்தி தொடங்கினால் மற்றவர்கள் சேர்ந்து எடுக்க வேண்டும். அந்தரத்தில் விட்டால் நல்லதில்லை என்பார்கள் எங்கள் பக்கம். அது நினைவு வந்ததும் எனக்குப் பகீரென்றது. மேலே நான் ஒருத்திதானே நிற்கிறேன்! இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், கடல் காற்று வாய்க்குள் புகுந்து மூச்சு முட்டியது. சத்தம் தேய்ந்து அறுந்துபோகிற நேரம், மதிலின் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு குலவை கிளம்பி என்னுடையதைப் பிடித்துக்கொண்டது.

திரும்பிப் பார்த்தேன். நாகஜோதி. அவளும் பொறுக்க முடியாமல் ஏறி வந்திருக்கிறாள். முந்தானை பறக்க, என்னைப் பார்த்துக்கொண்டே குலவை போட்டாள். நானும் மறுபடி சேர்ந்துகொண்டேன். கீழே நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் எங்களைப் படம் பிடித்தார்.

முடித்துவிட்டு அவள்தான் முதலில் பேசினாள். “ஏண்டி, தம் அம்புட்டுத்தானா? வயசாகிப்போச்சு உனக்கு.”

“வாய மூடுடி. கல்யாணத்துக்குத்தான் நேர்ல வந்து கூப்பிடல, கடலையாவது பாக்க விடு” என்றேன்.

“கல்யாண வேலைல புத்தி கெட்டுப்போச்சு. ‘அவளுக்கு என்ன வெத்தலை பாக்கு, அவ நம்ம ஆளுதான’ன்னு போன்லயே அனுப்பிட்டு இருந்துட்டேன். மணவறையில உக்காந்து என் மக வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. நீ வரல” என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே வெற்றிலையும் பாக்கும் இருந்தன.

“வெள்ளிக்கிழம வளைகாப்பு. மொத வளையல் நீதான் போடணும்னு உக்காந்திருக்கா. உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிட்டேன், நீ திட்டுவியோன்னு. இதுவும் விடியக்காலம் வச்சது, வாடிப்போச்சுடி. ஊருக்குப் போயி நல்ல வெத்தலை எடுத்தாரேன்.”

“குடு இங்கிட்டு” என்று அவள் கையிலிருந்து பிடுங்கி, என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.