தனக்குத் தானே அடித்த நோட்டீஸ்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். இரண்டு மாத வாடகைக்குத் தவணை கேட்கப் போனேன். கத்துவார் என்று பார்த்தால், உட்காரவைத்துத் தன் தம்பியின் கதையைச் சொன்னார். ஆக, பாக்கி வைத்தவன் பக்கமே என் பேனா சாயும். பார்த்துப் படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: "பணம் என்பது நட்பின்..." வேண்டாம், பரீட்சைக் கட்டுரை வாடை அடிக்கிறது.

இரண்டாவது: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு..." மழையே பெய்யவில்லை.

நேராகவே வருகிறேன். அந்தத் தம்பி ஒரு தையல்காரர். அவர் கடைக்கு மேலே மாடியில் அவர் வாடகைக்கு விட்ட ஓர் அறை. அதில் டைப்பிங் கடை வைத்திருப்பவர் அவருடைய சிறுவயதுச் சிநேகிதர். எட்டு மாத வாடகை பாக்கி. அது போதாதென்று கைமாற்றாக வாங்கிய நாற்பதாயிரம் வேறு. கேட்டால், தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்குத் தான் கொடுத்ததைக் கழித்துக்கொள் என்பார். அது வேறு, இது வேறு என்பார் தையல்காரர். மோட்டார் நன்றாக ஓடியது. பணம் மட்டும் வந்தபாடில்லை.

இப்போது தையல்காரரின் மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன். இருபத்திமூன்றாம் தேதி. அதற்குள் பணம் கட்டாவிட்டால் தேதி கைவிட்டுப் போய்விடும். மனிதர் இரண்டு நாள் யோசித்து, நோட்டீஸ் விடுவது என்று முடிவுசெய்தார்.

3

[இந்த இடத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் வீட்டுக்காரரிடம் மூன்று முறை கேட்டேன்.]

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை. வங்கிக்குக் கடிதம், பள்ளிக்கு விண்ணப்பம், எதுவானாலும் முப்பது வருடமாக மாடியேறித்தான் பழக்கம். கால் தானாக ஏறிவிட்டது. ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும்.

"ஒரு நோட்டீஸ் அடிக்கணும்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

டைப்பிஸ்ட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தொழில் என்று வந்துவிட்டால் அவர் படு கறார். தையல்காரர் தயங்கித் தயங்கி ஆறு மாதம் என்றார். எட்டு என்று இவரே திருத்தினார். 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கச் சொன்னதற்கு, படிக்கிறவனுக்குக் கை நடுங்காவிட்டால் அது நோட்டீஸே இல்லை, கல்யாணப் பத்திரிகை என்று சண்டைக்கு வந்தார். 'ஏமாற்றும் நோக்கத்தோடு' என்று இவர் சேர்க்க, தையல்காரர் பதறிப்போய் எடுக்கச் சொன்னார்.*

"மோட்டார் செலவை ஒத்துக்கலைன்னு போடணும்" என்றார் டைப்பிஸ்ட்.

"நீதானே குடுத்த?"

"குடுத்தேன். அதை நான் பதில் நோட்டீஸ்ல பாத்துக்கறேன்."

* எடுக்கவில்லை. வாசகம் நன்றாக வந்திருக்கிறதாம்.

4

பணம் எதற்கு அவசரம் என்று ஒரு வரி வேண்டும் என்றார் டைப்பிஸ்ட். தையல்காரர் முட்டியைப் பற்றிச் சொன்னார். தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, குடுக்க முடியலையேன்னு நீ கூசிப்போவ."

[டைப்பிஸ்ட் கதறி அழுதார் என்று எழுதி, பிறகு கோடு போட்டு அடித்துவிட்டேன். மூக்கைச் சிந்தினார், அவ்வளவுதான். எழுதும்போது அழுதது நான்தான்.]

5

முடிவு அ: டைப்பிஸ்ட் கம்ப்யூட்டரை விற்றுப் பணத்தோடு ஓடிவருகிறார். அந்தக் கம்ப்யூட்டரை இனாமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள்.

முடிவு ஆ: நோட்டீஸைக் கிழித்துப்போட்டுவிட்டு இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு யார் கட்டுவது? நீங்களா?

முடிவு இ: தையல்காரர் மன்னித்து... போகட்டும்.

நடந்தது இதுதான். டைப்பிஸ்ட் இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தானே கையெழுத்துப் போட்டார். ஆனால் 'இன்றிலிருந்து ____ நாட்களுக்குள் செலுத்த வேண்டும்' என்ற வரியில் எண் இல்லை. அனுப்புகிறவன்தான் போட வேண்டும் என்றார் டைப்பிஸ்ட். கட்டப்போகிறவனுக்குத்தான் தெரியும் என்றார் தையல்காரர். இருவரும் பேனாவைத் தொடவில்லை.

அன்று தேதி ஒன்பது. பதினான்குக்கு மேல் போட்டால் அந்த அம்மாளின் ஆபரேஷன் போயிற்று. அதற்குக் குறைத்துப் போட்டால், டைப்பிஸ்டிடம் சல்லிக்காசு கிடையாது என்பது தையல்காரருக்குத் தெரியும்.

இந்தாருங்கள் பேனா. நீங்கள் போடுங்கள். போட்டுவிட்டு, படியிறங்கிப் போய் அந்த அம்மாளிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.