பகதூர் தள்ளிப்போட்ட வேலை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பகதூர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் தமிழ்மாறனின் மனைவி செந்தமிழ்ச்செல்வி போன் செய்தாள்.

“தம்பி, ஒங்க அண்ணன் அங்க வந்தாரா? காலையில கம்பெனிக்குப் போனவரு. போனு போவவே மாட்டேங்குது. லாட்ஜ்ல மீட்டிங் எதுனா இருக்குதா?”

“இன்னைக்கு மீட்டிங் இல்லயே, அண்ணி. இருங்க, நான் போயி பாக்குறேன்.”

குரலைச் சாதாரணமாகத்தான் வைத்துக்கொண்டார். ஆனால் போனை வைத்ததும் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து சட்டையை மாட்டினார். தமிழ்மாறனுக்குத் தட்டாஞ்சாவடியில் இறால் பதப்படுத்தும் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் கிடையாது. அங்கிருக்கும் ஃப்ரீஸர் அறையின் கதவு பகதூருக்கு நன்றாகத் தெரியும்.

மன்பகதூர் குருங் நேபாளத்து மலைக் கிராமத்துக்காரர். இந்திய ராணுவத்தில் கூர்க்கா படையில் சேர்ந்தார், கார்கிலில் சண்டை போட்டார். ராணுவ மருத்துவமனையில் நர்சாக இருந்த முத்தியால்பேட்டை சுமலதாவைக் கல்யாணம் செய்துகொண்டு, ஓய்வு பெற்றதும் அவளுடைய ஊருக்கே வந்துவிட்டார். ஏ.சி., ஃப்ரீஸர் ரிப்பேர் கற்றுக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கினார். பீச் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டடத்தில் மாதம் ஒருமுறை கூடும் சகோதரர் லாட்ஜ் என்ற சங்கத்துக்கு ஏ.சி. மாட்டப் போனவரை அங்கேயே உறுப்பினராகச் சேர்த்துவிட்டவர் தமிழ்மாறன்தான். அங்கே எல்லாரும் ஒருவரையொருவர் ‘பிரதர்’ என்பார்கள். கூட்டம் நடக்கும்போது வாசலில் வாளோடு காவல் நிற்கும் பொறுப்பு பகதூருக்கு. தெருவில் போகிறவர்கள் அவரை வாட்ச்மேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதை அவர் பொருட்படுத்தியதில்லை.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் தள்ளித் திறக்க, ஃப்ரீஸர் கதவின் உட்பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. அது சில சமயம் இறுகிக்கொள்கிறது என்று தமிழ்மாறன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து சாமான் வரவில்லை என்று பகதூர் பதில் சொல்லிவந்தார். சாமான் வந்து அவருடைய ஷெட்டில்தான் கிடந்தது. அதை மாட்டினால் சோதிக்க வேண்டும். சோதிக்க வேண்டுமென்றால் உள்ளே நின்று கதவைச் சாத்த வேண்டும்.

கார்கிலுக்கு அடுத்த வருஷம் சியாச்சினில் அவருடைய கூடாரம் பனிச்சரிவில் புதைந்துபோனது. பக்கத்தில் படுத்திருந்த ஊர்க்காரனின் கையை இருட்டில் பிடித்துக்கொண்டே கிடந்தார். தோண்டி எடுத்தபோது அந்தக் கை விறைத்திருந்தது. அதிலிருந்து எந்தக் குளிர் அறைக்குள் வேலைக்குப் போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்வார். காற்றோட்டத்துக்கு என்பார்.

ஈசிஆர் சிக்னலில் வண்டி நின்றபோது, ‘அண்ணன் வேற எங்கயாவது போயிருப்பாரு’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கம்பெனி வாசலில் தமிழ்மாறனின் ஸ்கூட்டர் நின்றிருந்தது. ஷட்டர் பாதி ஏறியிருந்தது. ஃப்ரீஸர் மோட்டார் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

கதவை இழுத்துத் திறந்தார். வெள்ளைப் புகை காலில் வந்து மோதியது. கதவருகே ஒற்றைச் செருப்பு கிடந்தது.

“அண்ணே!”

பதில் இல்லை. கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் டூல் பாக்ஸை இடுக்கில் வைத்துவிட்டு ஒரு கால் எடுத்து வைத்தார்.  மூச்சு உள்ளே போகவில்லை. வெளியே பாய்ந்தார். பாய்ந்தவர் நிற்காமல் ரோட்டுக்கே ஓடினார். பக்கத்துக் கம்பெனிகளில் எல்லாம் பூட்டு. ஒரு லாரிக்குக் கை காட்டினார், அது நிற்கவில்லை.  இங்கே நிற்கிற ஒவ்வொரு நொடியும் உள்ளே இருப்பவனுக்கு என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

நேபாளியில் தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி ஓடி, இந்தத் தடவை நிற்காமல் உள்ளே போனார். இறால் பெட்டிகளுக்குப் பின்னால் சாக்குகளைச் சுற்றிக்கொண்டு தமிழ்மாறன் சுருண்டு கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வரும்போது ஈரத் தரையில் டூல் பாக்ஸ் நழுவுவது தெரிந்தது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டு வந்தது. பகதூர் அலறிக்கொண்டு காலை நீட்டினார். கதவு கணுக்காலில் வந்து இடித்து நின்றது. அந்த வலியோடு இருவரும் வெளியே விழுந்தார்கள். படுத்தபடியே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

கோரிமேட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் லாட்ஜ்காரர்கள் கூடிவிட்டார்கள். தலைவர் இளம்பரிதி பகதூரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “சோல்ஜர்னா சும்மாவா, பிரதர்!” செந்தமிழ்ச்செல்வி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். பகதூருக்கு அந்தக் கைகளை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

சுமலதா அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். “இன்னா ஆச்சு ஒங்களுக்கு? மூஞ்சியே சரியில்ல.”

சொன்னார். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அந்தச் சாமான் ஷெட்ல கெடந்தத நானும்தான் பாத்தேன்,” என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, “அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க. வேற யாரு மூலமாவும் தெரியக் கூடாது.”

தமிழ்மாறன் மறுநாள்தான் தெளிவாகப் பேசினார். இரண்டு கையிலும் கட்டு. இடது கையில் ஒரு விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகதூர் கட்டிலருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சாமான், ஷெட், பனி, ஊர்க்காரனின் கை, ரோட்டுக்கு ஓடியது.

தமிழ்மாறன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா? வேற ஆள வச்சி பாத்திருப்பேனே.”

“கூர்க்கான்னா பயமே கெடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க அண்ணே. நீங்களும் சொல்லியிருக்கீங்க.”

“வெளிய போ.”

பகதூர் போய்விட்டார்.

விரலை எடுத்தார்கள். கம்பெனிக்கு வில்லியனூரிலிருந்து வேறு மெக்கானிக் வந்தான். லாட்ஜில் தமிழ்மாறன் எதையும் சொல்லவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. இளம்பரிதி பகதூருக்குச் சால்வை போட வேண்டும் என்று ஆரம்பித்தபோது பகதூரே எழுந்து நடந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சால்வைப் பேச்சு அதோடு நின்றது. சிலர் பிறகு அவரிடம் முன்போலப் பேசவில்லை. போன் அடித்தால் எடுக்காமல் சுமலதாவிடம் நீட்டினார். சுமலதா விடாமல் அவரை மனநல டாக்டரிடம் அழைத்துப் போகத் தொடங்கினாள்.

அப்படிப் போன ஒரு நாள், சீட்டு வாங்க அவள் வரிசையில் நின்றபோது, பெஞ்சு தேடிய பகதூர் திகைத்து நின்றார். கட்டு மாற்ற வந்த தமிழ்மாறன் அங்கே உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று பகதூர் நினைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

“கால் இன்னும் நொண்டுது போலக்குது.”

“கொஞ்சம், அண்ணே.”

“எந்த டாக்டரப் பாக்க வந்த?”

பகதூர் சொன்னார்.  தமிழ்மாறன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பகதூர் உட்கார்ந்தார். மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியோடு தமிழ்மாறன் இடது கையால் போராடிப் பார்த்தார், முடியவில்லை. அதைப் பகதூர் பக்கம் நீட்டினார்.

“கோவம் போவலடா எனக்கு,” என்றார். “தொறந்து குடு.”