திங்கட்கிழமைக் கோர்ட்டு

நர்ஸ் செபிசோ கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. ரத்தமெல்லாம் எப்போதோ போய்விட்டது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பிரசவ வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் இனோங்கே வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து குழாயை மூடினாள்.

"போதும்டி. வீட்டுக்குப் போ."

"உள்ள மூணு பேரு வலியில கிடக்காங்க. யாரு பாக்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"காலையிலேர்ந்து நிக்கறீங்க அக்கா."

"நின்னு பழகின காலுதான். கிளம்பு."

செபிசோ கிளம்பவில்லை. ஈரக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "திங்கக்கிழம கோர்ட்டு இருக்கு," என்றாள், யாரோ இன்னொருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

இறந்துபோனவள் பெயர் முவங்காலா. முதல் பிரசவம். வெள்ளம் ஏறிய சமவெளியைப் படகில் கடந்து, கரையிலிருந்து இந்த மோங்கு ஊரின் ஆழமான மணலில் மாட்டுவண்டியில் வந்தவள். குழந்தை நன்றாகவே பிறந்தது, பிறந்ததும் வீறிட்டது. அதற்குப் பிறகுதான் ரத்தம் நிற்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியின் குளிர்பெட்டியில் அவளுக்குப் பொருந்துகிற ரத்தம் இல்லை. ஒரே டாக்டரான கலாபா அடுத்த கட்டிடத்தில் இன்னொருத்தியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். செபிசோ முஷ்டியை மடக்கிக் கருப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் ஓடிவந்தபோதும் அப்படியேதான் நின்றாள். உயிர் போய்விட்டது, கையை எடு என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று கூடிப் பேசியே ஆகவேண்டும் என்பது விதி. விதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தவளாவது பிழைக்க வேண்டுமே. ஆனால் அது நடந்த விதத்தைப் பார்த்துத்தான் நர்சுகள் அதற்குக் கோர்ட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். நீண்ட மேஜைக்கு அந்தப்பக்கம் டாக்டரும் நிர்வாகிகளும் உட்கார, இந்தப்பக்கம் ஒரு நர்ஸ் மட்டும் நின்றுகொண்டிருப்பாள். எப்போது கூப்பிட்டாய், ஏன் முன்னாலேயே கூப்பிடவில்லை, கவனம் எங்கே இருந்தது. இனோங்கே லிவிங்ஸ்டனிலிருந்து மாற்றலாகி வருவதற்கு முன்பு நசிலேலே என்றொரு நர்ஸ் அப்படி நின்றுவிட்டு வெளியே வந்து, சீருடையோடு பஸ் ஏறிப் போய்விட்டாளாம். இப்போது எங்கேயோ துணி விற்கிறாள், கர்ப்பிணிப் பெண் எதிரே வந்தால் தெருவைத் தாண்டி அந்தப்பக்கம் போய்விடுகிறாள் என்று சொன்னார்கள்.

மனநலம் காக்கும் பணியிடம் என்ற தலைப்பில் தலைநகர் லுசாகாவில் நடந்த பயிற்சிக்கு இனோங்கே போன மாதம் போய்வந்திருந்தாள். மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பனியனும், ஒட்டுவதற்கு ஒரு படமும் தந்தார்கள். படத்தில் நான்கு நர்சுகள் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைச் சுவரில் ஒட்டும்போது, தரை துடைக்கும் பெரியவர் முபிதா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவங்க ஆஸ்பத்திரியில நோயாளியே இல்ல போலிருக்கே சிஸ்டர்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"நாலு பேரும் ஒண்ணா நின்னு சிரிக்கறாங்க. அப்ப வார்டுல யாரு இருக்கா?"

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். செபிசோதான் அதிகமாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து இனோங்கே நேரே டாக்டர் வீட்டுக்குப் போனாள். கலாபா தனியாக உட்கார்ந்து ஆறிப்போன களியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். குடும்பம் லுசாகாவில். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நாளைக்கு நீங்க கேக்க வேண்டியதெல்லாம் கேளுங்க டாக்டர். அதுக்கு முன்னால, அங்க இருந்தவங்க எல்லாரும் கொஞ்சம் பேசட்டும். என்ன ஆச்சுன்னு இல்ல, அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு. யாரும் எழுதிக்க வேண்டாம்."

"இது ஜெபக்கூட்டமா சிஸ்டர்? ஒரு பொண்ணு செத்திருக்கா. யாராவது பதில் சொல்லணும்."

"சொல்லட்டும். நிக்கவச்சுத்தான் கேக்கணுமா?"

அவர் களியைத் தட்டிலேயே வைத்தார். "மாகாண ஆபீசுல என்னை மட்டும் உக்காரவச்சா கேப்பாங்க?" என்றார். அதைக் கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை இனோங்கேயும் முபிதாவும் மேஜையைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். நிர்வாகி வந்து, ஏதோ கல்யாண வீட்டுக்குத் தப்பாக நுழைந்துவிட்டவர்போல வாசலில் தயங்கினார். செபிசோ துவைத்து இஸ்திரி போட்ட உடையில் வந்து, காலியாக இருந்த நாற்காலி ஒன்றில் நுனியில் உட்கார்ந்தாள்.

"செத்துப்போன பொண்ணு பேரு முவங்காலா," என்றாள் இனோங்கே. "அவ பக்கத்துல இருந்தவங்க நாம."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. முதலில் வாய் திறந்தவர் முபிதா. எத்தனையோ வருஷமாக அந்த அறையைத் துடைத்தவர், கூட்டத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"நான் ஒண்ணும் பாக்கல. எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிட்டாங்க, தொடச்சேன்," என்றார். "தொடச்ச தண்ணிய எங்க ஊத்தறதுன்னு தெரியல. எப்பவும் ஊத்தற எடந்தான். அன்னைக்கு மனசு வரல. வாளிய வச்சுக்கிட்டு நின்னுட்டேன். வீட்டுல பொண்டாட்டி சோறு போட்டா, ஏன் போடறேன்னு அவமேல எரிஞ்சு விழுந்தேன்." அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு டாக்டர் கலாபா தரையைப் பார்த்தபடி, தையல் போட்டுக்கொண்டிருந்தபோது ஆள் வந்து கூப்பிட்டது காதில் விழுந்ததென்றும், பாதியில் விட்டுவிட்டு ஓடியிருந்தால் இரண்டு பேரும் செத்திருப்பார்கள் என்று தெரிந்தும், இந்த மூன்று நாளாகக் கனவில் ஓடிக்கொண்டே இருப்பதாகவும் சொன்னார். சின்ன நர்ஸ் ஒருத்தி வாய்விட்டு அழுதாள். நிர்வாகி கண்ணாடியைத் துடைத்தார்.

கேள்விகள் வந்தபோது செபிசோ எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள். அவள் எதையும் தவறவிடவில்லை, இல்லாமல் போனது ரத்தம்தான் என்று முடிவாயிற்று. ரத்தத்துக்கு வழிசெய்ய நிர்வாகி ஒப்புக்கொண்டார். கலாபா தனக்கு வந்த டீயை எழுந்துபோய் அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள்.

வராந்தாவில் செபிசோ இனோங்கேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா நடத்தினீங்க அக்கா. இனிமே வரவங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்."

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இனோங்கே அவள் வீட்டைத் தேடிப் போனாள். முற்றத்தில் ஒரு பழைய தகரத்தின்மேல் செபிசோ சின்ன மீன்களைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. இனோங்கே செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே குந்தினாள். வா என்று கூப்பிடத்தான் வந்திருந்தாள். அடுத்த வாரம் யார் யாருக்கு எப்போது வேலை என்று பட்டியல் போடவேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை. ஒரு பிடி மீனை எடுத்துத் தானும் பரப்பத் தொடங்கினாள்.

"யாரும் என்னைத் திட்டல," என்றாள் செபிசோ. "திட்டுவாங்கன்னு தயாரா போனேன்."

"திட்ட என்ன இருக்கு?"

செபிசோ ஒரு மீனை நேராக்கினாள். மறுபடி நேராக்கினாள்.

"அவ கேட்டா அக்கா. பொண்ணா பையனான்னு கேட்டா. நான் அழுத்திப் பிடிச்சிருக்கேன். பேசாதே, தெம்ப வச்சுக்கோன்னு அதட்டினேன். ரெண்டாவது வாட்டியும் கேட்டா. அப்பவும் அதட்டினேன். பொண்ணுன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை."

நீ செய்தது சரிதான் என்று இனோங்கே சொல்லலாம். அது உண்மையும்கூட. லுசாகாவில் சொல்லிக்கொடுத்தவை ஒவ்வொன்றாக மனதில் வந்து நின்று, வெட்கப்பட்டதுபோல ஒதுங்கின.

சமவெளிப் பக்கமிருந்து காற்று திரும்பியது. தகரத்தில் ஒரு துளி டப்பென்று விழுந்தது, இன்னொன்று, பிறகு சேர்ந்தாற்போலப் பத்து. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஆளுக்கொரு முனையில் தகரத்தைத் தூக்கினார்கள். செபிசோவின் முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது. வாசல் தகரத்தைவிடக் குறுகல். சாய்த்தால் மீனெல்லாம் கொட்டிவிடும். நனைந்தபடி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இருவரும் வாசலில் நின்றார்கள்.