ஈர அட்டை வாசம்

பல் டாக்டருக்கு வந்த காய்ச்சல், போகிற போக்கில் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபியும் வெந்நீரும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. வீட்டுக்கு அடியில் குளிர்ந்த நிலவறையில் அவர் பல வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஒயின் பாட்டில்கள் படுத்துக் கிடந்தன. தானாகச் சரியாகிவிடும் என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் நாளைக் கடத்தினார்.

ஒரு ஞாயிறு மதியம் மச்சினன் வந்தான். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒயின் ருசி பார்ப்பதென்றால் அவனுக்கு உயிர். தட்டிக்கழிக்க முடியாமல் டாக்டர் கீழே போய், இருப்பதிலேயே பழைய சிவப்பு ஒயினை எடுத்துவந்து திறந்தார். கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமே இல்லை. முன்பு குடித்த நினைவை வைத்துச் சமாளித்தார்: கறுப்புச் செர்ரி, கொஞ்சம் புகையிலை, கடைசியில் லேசாக மிளகு. மச்சினன் ஒரு வாய் குடித்தான். சுளித்த முகத்தைச் சரிசெய்துகொண்டு, ஆமாம், மிளகு நன்றாகவே தெரிகிறது என்றான்.

பழத்தட்டோடு வந்த மனைவி குனிந்து கிளாஸை முகர்ந்தாள். அவளுக்குக் குடிக்கும் பழக்கம் கிடையாது.

"மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரியில்ல இருக்கு?"

தக்கை கெட்டுப்போனால் ஒயினில் ஏறும் வாசம் அது. டாக்டர் முதல் முகர்விலேயே பிடித்திருக்க வேண்டும். மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்கு எதுவும் தெரியல," என்றார் டாக்டர். "காய்ச்சலுக்கு அப்புறம் எந்த வாசமும் வரல."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. போன வாரம் பால் தீய்ந்தபோது அடுப்புப் பக்கத்திலேயே அசையாமல் பேப்பர் படித்தாரே, அப்போதே தனக்குச் சந்தேகம்தான் என்றாள். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவர் தன் வாயைத் திறக்க இவ்வளவு நாளா என்று மச்சினன் கேட்டதும் டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவளே நிலவறைக்குப் போய், கைக்கு வந்த பாட்டிலைக் கொண்டுவந்தாள்.

"நான் மோந்து சொல்றேன். நீங்க குடிங்க."

முதலில் பென்சில் சீவிய வாசம் என்றாள். பிறகு, கனிந்த பிளம்.

"அப்புறம், நாம முதல்ல குடியிருந்த வீட்டுல ஒரு மர அலமாரி இருந்துச்சே, அதைத் திறந்தா வருமே, அது."

டாக்டர் மெல்ல ஒரு வாய் குடித்தார். நாக்குக்கு எட்டியது புளிப்பும் துவர்ப்பும்தான். ஆனால் சரியாக மூடாத அந்த அலமாரிக் கதவு கண்முன் வந்து நின்றது. இன்னும் சொல் என்றார்.

மூக்கு டாக்டர் கொடுத்த மருந்தில் மோப்பம் பாதி திரும்பியது. மீதிக்கு உத்தரவாதம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். பல் டாக்டரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் எந்தப் பாட்டிலைத் திறப்பது என்று முடிவு செய்வது மனைவிதான்.