பதினாறு பேருக்கு ஒரே ஃபா

மார்வின் ட்ரெஸ்லருக்குத் தன்னைப் பற்றிப் பெரிய மயக்கமெல்லாம் கிடையாது. நியூயார்க்கில் அவர் இசையமைத்த கடைசி நாடகம் ஒன்பதே நாளில் படுத்துக்கொண்டது. பிறர் கேலி செய்வதற்கு முன்னால் அதை அவரே சொல்லிச் சிரித்துவிடுவார். ஆனால் அலபாமா மலைப் பாட்டுகளைக் கேட்டு எழுதிய இந்தப் புது இசை நாடகம் தன்னைக் கரையேற்றிவிடும் என்று உள்ளூர நம்பினார். நாடக முதலாளி கிராஸ்மனையே அந்த மலைத் தேவாலயத்துக்கு இழுத்து வந்திருந்தார்.

"அந்த ஜனங்க பாடி நான் கேக்கணும். புடிச்சா மேடையேத்துறேன், இல்லன்னா இதோட விட்டுடு," என்று கிராஸ்மன் கறாராகச் சொல்லியிருந்தார்.

அங்கே பாடுகிறவர்கள் நாலு வரிசையாக, ஒருவரையொருவர் பார்த்தபடி சதுரமாக உட்கார்வார்கள். முக்கோணம், வட்டம் என்று உருவம் போட்ட சுரங்களைத்தான் படிப்பார்கள்; முக்கோணம் என்றால் 'ஃபா' சுரம், வட்டம் என்றால் 'சோல்'. மார்வின் ஒரு மாதம் கண் எரிய அதே உருவங்களில் எழுதி வந்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

வழக்கப்படி முதலில் சுரம், அப்புறம்தான் சொல். கதாநாயகியின் மெட்டு அழகாகத்தான் ஏறியது. கீழ்க்குரல் வரிசையில் பதினாறு ஆண்கள் "ஃபா, ஃபா, ஃபா" என்றார்கள். பக்கத்தைத் திருப்பினார்கள். அங்கேயும் "ஃபா, ஃபா". முன்வரிசை ரூஃபஸ் மேயோ தாளம் போட்ட கையை நிறுத்தினார்.

"ஐயா, எங்களுக்கு இது ஒண்ணுதான் வரும்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"உங்களுக்காச்சும் ஒரு ஃபா இருக்கு," என்றாள் எதிர் வரிசைக் கிழவி ஓடீன். "கதாநாயகி பாடுவாளாம், நாங்க பின்னாடி ஊ ஊன்னு ஊளையிடணுமாம். எங்க வீட்டு நாயே இதவிட நல்லாப் பண்ணும், தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். மார்வினும் சிரித்தார், காது மட்டும் சிவந்துபோனது. இங்கே ஒவ்வொரு வரிசைக்கும் சொந்த மெட்டு உண்டென்று புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படித்தவர்தான். எழுத உட்கார்ந்ததும் நாடகப் புத்தி வந்துவிட்டது. ஒருத்தி நட்சத்திரம், மற்றவரெல்லாம் திரைச்சீலை.

மத்தியானம் மரத்தடியில் ஊரே கோழி வறுவல் தின்றது. ரூஃபஸ் ஒரு பக்கமும் ஓடீன் ஒரு பக்கமும் திட்டத் திட்ட, மார்வின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மெட்டாகத் திருத்தி எழுதினார். தாளெல்லாம் எண்ணெய்க் கறை.

"எழுதினவருதான் நடுவுல நிக்கணும்," என்று, எல்லோரும் உள்ளே திரும்பி உட்கார்ந்ததும் ஓடீன் அவரைச் சதுரத்துக்குள் தள்ளினாள்.

நாலு பக்கமிருந்தும் பாட்டு வந்து மோதியது. கதாநாயகியின் மெட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை; அவர் தேடவும் இல்லை. கண்ணில் நீர் முட்டியது. தான் எழுதியதிலேயே நல்லது இதுதான் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"மார்வின்!" வாசலோரப் பெஞ்சிலிருந்து கிராஸ்மன் கத்தினார். "இங்கேருந்து வெறும் முதுகுதான்யா தெரியுது! ஒரே இரைச்சல்! டிக்கெட் வாங்கினவன் எங்கய்யா உக்காருவான்?"

"இங்க வந்து நின்னு கேளுங்க!"

"அங்க ஒரு ஆளுக்குத்தானே எடம் இருக்கு? நீ நகரு, நான் வரேன்."

மார்வின் யோசித்தார். நகரத்தான் வேண்டும், பிழைப்பு அப்படி. கால் நகரவில்லை.

"நீங்க கிளம்புங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுப் பாடகர்களிடம் திரும்பினார். "இன்னொரு தரம் பாடலாமா?"