பேர்லேண்டில் ஓர் ஓஸோஎமெனா

நஞ்சுண்டனுக்கு 1996 ஆகஸ்டில் டெக்சாஸின் பேர்லேண்டில் பிறந்த மகள், ஒன்பதாம் நாள் காலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் போக ஆரம்பித்தாள். முதலில் காதுகள் போயின, பிறகு பாதங்கள். தொட்டால் இருந்தன, பார்த்தால் இல்லை. டாக்டர் எடை போட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

பேர் வைக்காததுதான் காரணம் என்று தாய் பவளத்துக்குத் தெரியும். பேருக்கு முதல் எழுத்து கோபிசெட்டிபாளையத்து ஜோசியர் சொல்ல வேண்டும். போனில் நஞ்சுண்டன் பிறந்த நேரத்தை டெக்சாஸ் கணக்கிலும் இந்தியக் கணக்கிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக் குழப்ப, அவர் இரண்டு ஜாதகம் எழுதித் தபாலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். இப்படியொரு கூத்து நம்மவர்களுக்குத்தான் வாய்க்கும். பன்னிரண்டாம் நாள் முழங்கால் வரை போய்விட்டது. டயப்பர் மாட்டப் பவளம் தடவித் தடவிக் காலைத் தேடினாள். இரண்டு வருடம் முன்பு எழுத்தும் நாளும் பார்த்து மகிழன் என்று பேர் வைத்த பையன் நாற்பது நாள்கூட இருக்கவில்லை. பயத்தில் அவளுக்குப் பால் வற்றியது.

பக்கத்து வீட்டு நர்ஸ் நைஜீரியாவின் இக்போ இனத்துப் பெண். பிள்ளை பெற்றவளுக்கென்று மிளகு சூப் கொண்டுவந்தவள், பாதிக் குழந்தையைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. தங்கள் ஊரில் பேர் என்பது முழு வாக்கியம், வீட்டார் எதற்குப் பயந்தார்களோ அதையே பேராக வைப்பார்கள் என்றாள். அவளுக்கு முன் பிறந்த இருவரும் இறந்ததால் அவள் பேர் ஓஸோஎமெனா. ‘இன்னொரு முறை இது நடக்க வேண்டாம்’ என்று அர்த்தம். பவளம் இரண்டு வருடமாகச் சாமி படத்தின் முன் அழுதுகொண்டு சொன்னதும் அதுதான்.

“ஏனுங்க, இந்தப் பேரையே வெச்சரலாங்க.”

“கோயில்ல நாலு பேர் கேட்டா என்ன சொல்றது? நம்ம சொந்தத்துல ஒருத்தர் வாயிலயும் நுழையாதே, பவளம்.”

“லெட்டர் வர்றப்ப கூப்புடறதுக்குப் புள்ள இருக்கோணுமுங்க.”

நஞ்சுண்டன் குழந்தையைத் தூக்கி அவளிடம் நீட்டினான். காது இருந்த இடத்தில் பவளம் மூன்று முறை பேரைச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் முழங்கால்கள் வந்தன, மறுநாள் பாதங்களும் காதுகளும். கடிதம் வந்தபோது யாரும் பிரிக்கவில்லை.

2001இல் கிண்டர்கார்டனில் டீச்சர் ‘ஓஸி’ என்று பேரைச் சுருக்கிய அன்று மதியமே குழந்தையின் வலது கை முழங்கை வரை காணாமல் போனது. பவளம் காரை எடுத்துக்கொண்டு பறந்தாள். விண்ணப்பத்தில் அலர்ஜி என்றிருந்த கட்டத்தில், பேரை முழுதாகக் கூப்பிடவும் என்று எழுதிக் கொடுத்தாள். டீச்சர் அதைப் படித்துவிட்டு, வேர்க்கடலை ஆகாத பிள்ளைகளின் தாள்களோடு சேர்த்து வைத்தாள்.