தீப்பிடிக்கும் முன்பே

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் ரஞ்சிதம்.

செஞ்சி பஜாரில் ஒரு பாத்திரக்கடை மாடியில், தபால் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிறவர்களுக்கு ஞாயிறுதோறும் நான் வகுப்பு எடுக்கிறேன். அன்றைக்குப் பாடம் அமெரிக்கா: ஆலைகள் பெருகியது, கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கியது, சீர்திருத்தங்கள் வந்தது. 1911இல் நியூயார்க்கில் எரிந்த தையல் ஆலையைப் பற்றிச் சொன்னேன். வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் பெண்கள். அதற்குப் பிறகு பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன என்று முடித்தேன். பரீட்சைக்கு அவ்வளவு போதும்.

"செத்தப்புறம்தான் சட்டம் வந்துச்சா சார்?" என்றார் ரஞ்சிதம். "அதுக்கு முன்னாடி யாரும் கேக்கலியா?"

"கேட்டாங்கம்மா. ரெண்டு வருசம் முன்னாடி ஸ்ட்ரைக்கே பண்ணாங்க. அந்த முதலாளிங்க மசியல."

"எங்க கம்பெனியிலயும் பின்கதவு பூட்டிதான் இருக்குது."

2

முதல் தொடக்கம்: நியூயார்க்கில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் ரோசா என்ற இளம்பெண்

வேண்டாம். பனியை நான் ஐஸ் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: ராஜகிரி உச்சியில் வெயில் ஏறும்போது செஞ்சிக் கோட்டை

இதுவும் வேண்டாம். (செஞ்சி என்றாலே கோட்டை கேட்கிறார்கள். வேண்டியவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்துக்கொள்ளட்டும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்க நேரமில்லாமல் கம்பெனி பஸ் பிடிக்கிற பெண்கள்தான் எனக்கு வேண்டும்.)

நடந்ததையே சொல்கிறேன்.

3

ரஞ்சிதம் சிங்கவரத்துக்காரர். ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. (கம்பெனி நான் கற்பனையில் கட்டியது. பெயர்ப்பலகை தேடி அலைய வேண்டாம்.) மாடியில் மிஷின்கள்; பின்கதவை ஒட்டிப் பசை டின்கள். வேலை செய்பவர்களில் பாதிப்பேர் இந்தப் பக்கத்துப் பெண்கள். மீதிப்பேர் ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருப்பவர்கள். இரு தரப்பும் பேசிக்கொள்வதில்லை. "அவுங்க வந்துதான் நம்ம ஓவர்டைம் போச்சி" என்பது இங்கே பேச்சு. (நியூயார்க்கில் முன்னால் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களை இப்படித்தான் சொன்னார்கள்.)

வகுப்புக்கு மறுநாள், சாப்பாட்டு நேரத்தில், ரஞ்சிதம் டிபன் பாக்ஸோடு போய் ஒடிசாப் பெண்கள் நடுவில் உட்கார்ந்தார், மினதி என்பவள் பக்கத்தில். பொதுப் பாஷை இல்லை. பூட்டைக் காட்டினார். பசை டின்களைக் காட்டினார். தீக்குச்சி உரசுவதுபோல் கையை ஆட்டினார். மினதி சிரிக்கவில்லை. விடுதியையும் வெளிப்பக்கம் பூட்டுகிறார்கள் என்று அவளும் கையாலேயே சொன்னாள்.

மணி அடித்தது. இருவரும் மிஷினுக்குப் போகாமல் பின்கதவுக்குப் போய் நின்றார்கள். ஒடிசாப் பெண்கள்தான் முதலில் எழுந்து வந்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வந்தார்கள்.

சூப்பர்வைசர் கோதண்டராமன் ஓடிவந்தார். அவரும் செஞ்சிக்காரர்.

"இன்னா ரஞ்சிதம் இது?"

"கதவத் தொறங்கண்ணே. ஆஸ்டல் பூட்டையும் எடுங்க. போயி உக்காந்துக்கறோம்."

"தொறந்து வச்சா சரக்கு வெளிய போவுது. மேலிடத்து ஆர்டர்."

"தெனம் கேட்ல தடவிப் பாத்துதான அனுப்பறீங்க? அப்புறம் எதுக்குப் பூட்டு?"

"யாரு ஒன்னத் தூண்டி உடறது? கட்சிக் கிளாசுக்குப் போறியா?"

"ஹிஸ்டரி கிளாசுக்குப் போறேண்ணே."

மிஷின்கள் ஓடவில்லை. கோதண்டராமன் போனில் பேசினார், வியர்த்தார், மறுபடி பேசினார். சாயங்காலத்துக்குள் கதவு திறந்தது. விடுதிப் பூட்டும் அன்றே போயிற்று.

4

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலை கம்பெனி பஸ் சிங்கவரத்தில் நின்றபோது, மற்ற பெண்கள் ஏறிய பிறகு, டிரைவர் பொன்னுசாமி ரஞ்சிதத்தை மட்டும் தடுத்தார்.

"ஒன்ன ஏத்தக்கூடாதுன்ட்டாங்கம்மா. நான் இன்னா பண்றது?"

பஸ் போய்விட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒருத்திகூட இறங்கவில்லை. வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் உட்கார்ந்து அழுததாக ரஞ்சிதம் பிறகு என்னிடம் சொன்னார். "பயந்துதான் அழுதேன் சார். தப்புப் பண்ணிட்டேன்னு இல்ல."

5

நான் ஒரு முடிவு எழுதினேன். கதவை மறுபடி பூட்டுகிறார்கள். ஒரு மதியம் பசை டின் பற்றிக்கொள்கிறது. மினதி ஜன்னலில் நிற்கிறாள். மந்திரி வருகிறார். சட்டம் வருகிறது. நன்றாகவே வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதத்துக்குப் படித்துக் காட்டினேன்.

முழுதும் கேட்டார். "நாங்க செத்தாதான் ஒங்க கதை நவுருமா சார்?" என்றார். "அந்த நியூயார்க்குப் பொண்ணுங்களும் சட்டத்துக்காவ சாவணும்னு வேலைக்குப் போவல."

அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டேன். பிணம் வாங்கிக்கொண்டுதான் வரலாறு சட்டம் கொடுக்கும் என்றால், அதற்கு எடுபிடி வேலை நான் செய்யமாட்டேன். இந்தக் கதையில் யாரும் எரியமாட்டார்கள். கதை சப்பென்று இருக்கிறது என்பவர்கள் வேறு கதை படிக்கலாம்.

6

திங்கட்கிழமை ரஞ்சிதம் மறுபடி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். பஸ் வந்தது. பொன்னுசாமி தலையை ஆட்டினார். உள்ளேயிருந்து மோனிகா இறங்கினாள். ஓவர்டைம் போச்சென்று அதிகம் புலம்பியவள் இவள்தான்.

"அக்கா வரலன்னா நானும் வரல."

பின்னால் இன்னொருத்தி. அப்புறம் சேர்ந்தாற்போல் எல்லோரும். பொன்னுசாமி என்ஜினை அணைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சார், வண்டி காலியா நிக்குது. காலி வண்டிய ஓட்டிக்கினு வரட்டா?"

மோனிகாவின் போனில் மினதி வீடியோவில் வந்தாள். (பின்கதவில் நின்ற அன்றைக்கே நம்பர் வாங்கியிருந்தாளாம்.) பேச முடியாதே, போனைத் திருப்பிக் காட்டினாள். மாடி முழுக்க ஆளில்லாத மிஷின்கள். ஒடிசாப் பெண்கள் சுவரோரம் கைகட்டி நின்றார்கள்.

7

தகவல் தெரிந்து நானும் வண்டி எடுத்துக்கொண்டு சிங்கவரம் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். கதைக்கு முடிவுகள் கைவசம் இருந்தன. கம்பெனி இறங்கி வரலாம். வேறு மாநிலத்திலிருந்து வேறு ஆட்களைக் கொண்டு வரலாம். மினதியை ரயிலேற்றிவிட [இதை நான் எழுதப்போவதில்லை]

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவரும் நகரவில்லை. மேலிடத்திலிருந்து யாரோ கிளம்பி வருவதாகப் பொன்னுசாமி சொன்னார்.

"எப்படிம்மா முடிக்கட்டும்?" என்று ரஞ்சிதத்திடம் கேட்டேன்.

"முடிக்காதீங்க சார்" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "நாங்க இன்னும் ஏறல."